வாசித்துக் காட்டப்பட்டது

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது ரேகாவிடமிருந்து போன் வந்தது. நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த சிறை அலுவலகத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். தண்டனைக் கைதிகளின் மனு, மேல்முறையீடு, தீர்ப்பு நகல் எல்லாம் வந்துபோகும் பிரிவு அது. தட்டச்சராய் உள்ளே போய்த் தலைமை எழுத்தராய் வெளியே வந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. அங்கிருந்து போன் வந்தால் பெரும்பாலும் ஏதாவது பழைய ஃபைல் எந்த பீரோவில் இருக்கிறது என்று கேட்பார்கள். கோபப்படுவதுபோல் கோபப்பட்டுவிட்டுச் சொல்வேன். இன்னும் தேவைப்படுகிறோம் என்பதில் ஒரு அற்ப சந்தோஷம்.

"மேடம், சூசை ஃபைல்தான்" என்றாள் ரேகா. "ரெண்டாவது மெர்சி பெட்டிஷன் போகுது. விவரத்தாள் டைப் பண்ணிட்டேன். ஒரே ஒரு கட்டம்தான் நிக்குது. பதினாலு."

பதினான்காவது கட்டம் எனக்கு மனப்பாடம். 'கைதியைப் பார்க்க வரும் உறவினர் யார், எவ்வளவு நாளுக்கு ஒருமுறை.' கருணை மனுவோடு போகும் விவரத்தாளில், வெளியே இவனுக்கென்று யாராவது இருக்கிறார்களா என்பதை டெல்லியில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ளும் ஒரே இடம் அது.

"ரெஜிஸ்டர் பாத்தேன் மேடம். ரெண்டு வருஷமா யாருமே வரல. யாருமில்லன்னு, நில்னு போட்டா நல்லாவா இருக்கும்? போன தடவ நீங்க, அவன் அக்கா மாசம் ரெண்டு தடவ வராங்கன்னு போட்டிருக்கீங்க. அதையே எடுத்துப் போட்டுடட்டா? டெல்லியிலேர்ந்து யார் வந்து நம்ம ரெஜிஸ்டர பாக்கப் போறாங்க?"

ரேகா எல்லையோரத்து ஆனேக்கல் பெண். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அவளுக்குச் சரளம். நல்ல மனசுக்காரி. அந்த நல்ல மனசுதான் என்னைப் பயமுறுத்தியது. ஆறு வருஷத்துக்கு முன் எனக்கும் அதே மனசு இருந்தது.

"திங்கக்கெழம வரைக்கும் அப்படியே வை. நான் சொல்றேன்" என்று போனை வைத்தேன்.

நான் ஆஸ்டின் டவுன்காரி. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். தட்டச்சில் உயர்நிலை பாஸ் பண்ணியதும் அரசு வேலை கிடைத்தது. சிறை என்றதும் அப்பா வேண்டாம் என்றார், அம்மா போகச் சொன்னாள், போனேன். முதல் வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரும்புக் கதவுச் சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் தப்பு தப்பாக அடித்தேன், திட்டு வாங்கினேன், பிறகு அந்தச் சத்தமே காதில் விழாமல் போயிற்று. என்னிடம் இருந்த ஒரே விசேஷம் மூன்று மொழி. தமிழ்க் கைதிகளுக்குக் காகிதம் படித்துச் சொல்ல வேண்டுமென்றால் வசந்தா மேடத்தைக் கூப்பிடு என்றாகிவிட்டது.

என்னை உருவாக்கியவர் என்று யாரையாவது சொல்வதானால் குருபசப்பாவைச் சொல்ல வேண்டும். எங்கள் சிறையின் கண்காணிப்பாளர். தார்வாட் பக்கத்துக்காரர். கன்னடம் தவிர வேறு மொழியில் ஒரு வார்த்தை சொல்லவும் கூச்சப்படுவார். மற்ற ஃபைல்களில் நாற்பது ஐம்பதை ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார். எழுத்துப் பிழையைக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் தூக்குத் தண்டனைக் கைதியின் கருணை மனு என்றால் அவர் வேறு ஆள்.

அதற்கு அவர் வைத்திருந்த முறை இது. மனுவை நாங்கள் ஆங்கிலத்தில் அடிப்போம். தமிழிலோ கன்னடத்திலோ அனுப்பினால் மொழிபெயர்ப்புக்கே பல மாதம் தூங்கும் என்பது அலுவலக அனுபவம். அடித்த மனுவைக் கைதிக்கு அவன் மொழியில் வரிவரியாகப் படித்துக் காட்ட வேண்டும். கடைசியில் 'மனுதாரரின் தாய்மொழியில் வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டார்' என்று ஒரு சான்று. படித்துக் காட்டியவர் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும், சாட்சியாகக் கண்காணிப்பாளர் போடுவார். விவரத்தாளிலும் கைதியின் கையெழுத்து வேண்டும். வேறு சிறைகளில் அதெல்லாம் கிடையாது. தன்னைப் பற்றி டெல்லிக்கு என்ன போகிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா என்பார்.

படித்துக் காட்டுவது அவர் அறையில் நடக்கும். கைதியை நாற்காலியில் உட்கார வைப்பார். ஒரு தண்டனைக் கைதி அந்த அறையில் உட்கார்வது அந்த ஒருநாள்தான். அவர் நிற்பார். பிறகு போய் மின்விசிறியை நிறுத்துவார். ஏப்ரல் மாதமானாலும் நிறுத்துவார். விசிறிச் சத்தத்தில் ஒரு வார்த்தை கைதியின் காதில் விழாமல் போய்விடக் கூடாதாம். எனக்கு வியர்த்து வழியும், ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொள்ளும். படித்து முடித்ததும் என்னிடம், "ஓதி ஹேளிதிரா?" என்று கேட்பார். படித்துச் சொன்னீர்களா என்று அர்த்தம். தன் முன்னால்தான் படித்தேன் என்றாலும் கேட்பார். "ஹௌது சார்" என்பேன், ஆமாம் என்று. அப்புறம் கைதியைப் பார்த்து, புரிந்ததா என்று கையால் கேட்பார். அவன் தலையாட்டிய பிறகுதான் பேனா மூடியைத் திறப்பார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பிரிவில் ஒரு மாதிரி மனு இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர், அவருக்கு முன்னால் இருந்தவர் என்று கைமாறி வந்தது. அதில் நான்காம் பத்தி மனம் வருந்துவது. 'நான் செய்த கொடுஞ்செயலை முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். இறந்தவர்களின் முகம் என் கண்ணை விட்டு அகல்வதில்லை. உயிர்ப்பிச்சை கிடைத்தால் மீதி வாழ்நாளை இந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகக் கழிப்பேன்.' ஆங்கிலத்தில் இன்னும் உருக்கமாக இருக்கும். அந்தப் பத்தியோடு போன மனு ஒன்றில், எப்போதோ ஒரு பெண்ணுக்குத் தண்டனை ஆயுளாகக் குறைந்ததாம். அன்றிலிருந்து அது ராசியான பத்தி. அதன் பிறகு போன மனுக்கள் எத்தனை, திரும்பி வந்தவை எத்தனை என்று யாரும் பார்க்கவில்லை. பேர், ஊர், வழக்கு எண்ணை மாற்றுவோம். நான்காம் பத்தியில் கை வைக்க மாட்டோம். படித்த நாங்கள், சட்டத்தோடு புழங்கிய நாங்கள், நாட்டின் ஜனாதிபதிக்குப் போகும் காகிதத்தில் ராசி பார்த்தோம்.

சூசையை நான் முதலில் பார்த்தபோது அவனுக்கு முப்பது வயது இருக்கும். ஒசூர் ரோடு பக்கம் லாரியில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை செய்தவன். அங்கே ஒரு வீட்டில் புகுந்து கணவன் மனைவி இருவரையும் கொன்று நகையை எடுத்துப் போன வழக்கில் மூன்று பேர். ஒருவன் விசாரணை முடியும் முன்பே நோயில் செத்துப்போனான். ஒருவன் அரசுத் தரப்பு சாட்சியாக மாறினான். மிஞ்சியவன் சூசை. அவனுக்குத் தூக்கு. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது, உச்ச நீதிமன்றமும் செய்தது. அங்கே மூட்டையை இறக்கிவிட்டு வெளியே லாரியில்தான் தூங்கினேன், வீட்டுக்குள் போகவே இல்லை என்பதுதான் முதல் நாளிலிருந்து அவன் சொன்னது. அவன் செய்தானா இல்லையா எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. தெரிந்துகொள்வது என் வேலையும் இல்லை.

அவனுக்கு இருந்தது ஒரே அக்கா, ஆரோக்கியம். லிங்கராஜபுரத்தில் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். மாதத்தில் இரண்டாம் சனி, நான்காம் சனி, தவறாமல் வந்துவிடுவாள். அவர்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் அவள் வந்து நின்றதும், சாப்பிட்டியா என்றுகூடக் கேட்க மாட்டாள். கழுத்து ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கும் கேக்கறேன். நீ பண்ணியா?" என்பாள். "இல்லக்கா" என்பான் அவன். "சரி" என்பாள். அதன் பிறகுதான் வீட்டுப் பேச்சு, மாமா பேச்சு, மழை பேச்சு எல்லாம். வார்டர்களுக்கெல்லாம் இது பழகிப்போய், அவள் வந்தால் 'கேள்விக்கார அக்கா வந்துட்டாங்க' என்பார்கள். ஒருமுறை நானே அவளிடம், ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தானே, ஏன் கேட்கிறாய் என்றேன். "அத கேட்டுட்டு போனாத்தான் மேடம் ரெண்டு வாரத்துக்குத் தெருவுல தல நிமிந்து நடக்க முடியுது" என்றாள்.

உச்ச நீதிமன்றத்தில் தோற்ற செய்தியைக் குருபசப்பா அவனுக்குச் சொன்னார். கருணை மனு போட அப்போதெல்லாம் ஏழு நாள்தான். இப்போது புதிய சட்டத்தில் முப்பது நாள் ஆக்கியிருக்கிறார்கள். ரேகா கொடுத்து வைத்தவள். எனக்கு அந்த ஏழில் மூன்று நாள் தீர்ப்பு நகல் வாங்கவே போய்விட்டது. ஐந்தாம் நாள் மாதிரி மனுவை எடுத்துக்கொண்டு சூசையிடம் உட்கார்ந்தேன். மூன்று பத்தி சரி சரி என்று கேட்டான். நான்காவதைத் தமிழில் சொன்னதும் தலையைத் தூக்கினான்.

"அத எடுத்துடுங்க மேடம்."

"சூசை, கேளு. இது கோர்ட்டு இல்ல. அங்க பண்ணியா இல்லையான்னு யாரும் பாக்க மாட்டாங்க. மன்னிப்பு கேக்கறவனுக்குத்தான் மன்னிப்பு. எல்லா மனுவுலயும் இது இருக்கு."

"எல்லாரும் பண்ணியிருப்பாங்க மேடம். நான் பண்ணல. வேற என்ன வேணும்னாலும் எழுதுங்க. ஒடம்பு சரியில்லன்னு எழுதுங்க. படிக்காதவன்னு எழுதுங்க. இது வேணாம்."

அரைமணி நேரம் போராடினேன். உயிர் போனபிறகு மானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்றுகூடக் கேட்டேன். அவன் மசியவில்லை. கடைசியில் அவன் கண்ணெதிரே பென்சிலால் அந்தப் பத்தியை அடித்தேன். நன்றி சொல்லிக் கும்பிட்டான்.

ஏழாம் நாள் காலை சுத்தப்பிரதி அடிக்க உட்கார்ந்தேன். மூன்றாம் பத்தி முடிந்தது. அடித்த கோடு கண்ணுக்குத் தெரிந்தது. என் கை நிற்கவில்லை. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை, குருபசப்பாவுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. நானாகத்தான் செய்தேன். இவன் முட்டாள், இவனுக்கு விவரம் போதாது, நான்தான் இவனைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். உயிரோடு இருந்துவிட்டுப் போகட்டும், டெல்லியில் எவனோ படிக்கப்போகும் நாலு வரி இவனுக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தேன். ராசியான பத்தியை முழுசாக அடித்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் ஆரம்பித்து மூன்றாம் பக்கத்தின் தலையில் முடிந்தது.

மதியம் குருபசப்பா அறை. சூசை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். விசிறி நின்றது. நான் படித்தேன். பேர், அப்பா பேர், வழக்கு, தண்டனை. இரண்டாம் பக்கத்தின் அடிக்கு வந்தபோது தாளைத் திருப்பினேன். மூன்றாம் பக்கத்தில் ஐந்தாம் பத்தியிலிருந்து படித்தேன். 'எனக்கு ஒரு மூத்த சகோதரி இருக்கிறார். அவரைத் தவிர எனக்கு யாரும் இல்லை.' அறையில் அவ்வளவு அமைதி இருந்தும் விட்டுப்போனது யாருக்கும் கேட்கவில்லை. தமிழ் தெரியாத அந்த மனிதர் என் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஓதி ஹேளிதிரா?"

"ஹௌது சார்."

சூசையிடம் கையைக் காட்டினார். சூசை தலையாட்டினான். தமிழில் தன் பேரை எழுதத் தெரியும் அவனுக்கு. ஒவ்வொரு பக்கத்திலும் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். நான்காம் பத்தியின் மேலே அவன் கை இருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நான் போட்டேன். பிறகு அவர் போட்டார்.

மனு முதலில் ஆளுநரிடம் போனது. அங்கே நிராகரிக்கப்பட்டு டெல்லிக்குப் போனது. கிட்டத்தட்ட நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் சூசை ஒவ்வொரு வாரமும், "ஏதாச்சும் வந்துச்சா மேடம்?" என்று கேட்பான். வரவில்லை என்றால் முகம் தெளிந்துவிடும். வராதவரைக்கும் உயிர் இருக்கிறது. எங்கள் சிறையில் தூக்குமேடை கிடையாது, அது வடக்கே வேறொரு சிறையில் இருக்கிறது. அங்கே அனுப்பச் சொல்லி உத்தரவு வந்துவிடுமோ என்று டெல்லித் தபால் உறையைப் பிரித்ததும் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பேன். கடைசியில் வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை. மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை.

இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா வந்தார். நாலு வருஷம் தாமதித்ததே ஒரு கொடுமை என்று சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு இடைக்காலத் தடை வாங்கினார். கெட்டிக்காரி. அதற்கு அரசுத் தரப்பு பதில் தாக்கல் செய்தது. கூடவே கருணை மனுவின் நகல். மனுதாரர் தம் குற்றத்தை முழுமனதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், அது அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டிருக்கிறது, பார்க்க நான்காம் பத்தி.

வக்கீலம்மா ஆரோக்கியத்தைத் தன் அலுவலகத்துக்கு அழைத்து, இனி வழக்கு கஷ்டம் என்று விளக்கியிருக்கிறார். அந்தப் பத்தியைத் தமிழில் சொல்லியிருக்கிறார். ஆரோக்கியம் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாளாம். தம்பியின் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாளாம். அந்த மாதம் நான்காம் சனிக்கிழமை அவள் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. சூசை வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பார்வை நேரம் முடியும்வரை காத்திருந்துவிட்டுப் போனான் என்று வார்டர் சொன்னார். அது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம்.

வார்டர் சொன்ன அன்று சாயங்காலமே குருபசப்பா வீட்டுக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே ஓய்வு பெற்று, தார்வாட் போகாமல் இங்கேயே இருந்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை மூடினார். பிறகு கன்னடத்தில், "நான் கேட்டேனே வசந்தா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. உள்ளே போய் எனக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். அவர் மனைவி கொண்டுவந்த காபியை அவரும் குடிக்கவில்லை, நானும் குடிக்கவில்லை.

சூசையிடமும் சொன்னேன். என்னை அடிக்க வருவான் என்று நினைத்தேன், வந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "அக்கா அத படிச்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. டெல்லியைப் பற்றி அவன் அப்புறம் கேட்கவே இல்லை.

நீதிமன்றத்துக்குப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பத்தி கைதி சொன்னதல்ல, நான் சேர்த்தது, படித்துக் காட்டவும் இல்லை என்று. அரசு வக்கீல் எழுந்து, படித்துக் காட்டினேன் என்று சான்று கொடுத்ததும் இவர்தான், இல்லை என்று இப்போது சொல்வதும் இவர்தான் என்றார். எனக்கே அது நியாயமாகப் பட்டது. என் பத்திரத்தை ஃபைலில் சேர்த்துக்கொண்டார்கள். வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. இப்போது இரண்டாவது கருணை மனு போட்டுப் பார்க்கலாம் என்கிறார் வக்கீலம்மா. முதல் மனுவை நிராகரித்த இடத்துக்கே, புதிதாக ஒன்றும் கையில் இல்லாமல் போகிற மனு. என்ன ஆகும் என்று என்னைக் கேட்டால், முப்பத்தோரு வருஷம் உறை பிரித்தவள் என்கிற முறையில், ஒன்றும் ஆகாது என்றுதான் சொல்வேன்.

அப்படியிருந்தும் அந்தப் பதினான்காவது கட்டம் காலியாகப் போவதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை ஆரோக்கியம் வந்துவிட்டால் போதும், ரேகா பொய் எழுத வேண்டாம். வரும் சனிக்கிழமை இரண்டாம் சனி. வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து லிங்கராஜபுரம் போனேன். இத்தனை நாள் ஏன் போகவில்லை என்று கேட்டால், பயம். வக்கீலம்மா என் பத்திரத்தைப் பற்றி அவளிடம் சொல்லியிருப்பார், அது போதும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

ஜன்னலோரம் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள். எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அந்த நாலாவது பாரா சூசை சொன்னது இல்ல ஆரோக்கியம். எடுத்துடுங்கன்னு கும்பிட்டான். நான்தான் சேத்தேன். அவனுக்குப் படிச்சுக்கூட காட்டல. தப்பு என்னோடது."

"வக்கீலம்மா சொன்னாங்க மேடம். நீங்க கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்கீங்கன்னு."

"தெரிஞ்சும் ஏன் வரல?"

கையிலிருந்த ரவிக்கையின் நூலைப் பல்லால் கடித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"நீங்க தப்பா நெனைக்கக்கூடாது. அவன் உசுரக் காப்பாத்தணும்னு அன்னைக்கு ஒன்னு எழுதுனீங்க. இன்னைக்கும் அவன் உசுருக்காகத்தான் வேற ஒன்னு சொல்றீங்க. ரெண்டுல எது நெசம்னு நான் எப்படி மேடம் கண்டுபுடிக்கறது?"

என்ன சொன்னாலும் அது மூன்றாவதாகத்தான் சேரும்.

"நாளைக்கு வந்து அவனையே கேளேன்" என்றேன் கடைசியில். "எப்பவும் கேப்பியே."

"கேட்டா இல்லக்காம்பான். முன்னயெல்லாம் எனக்கு அது போதும். இப்ப அவன் இல்லன்னு சொல்லும்போது அந்தத் தாளுதான் கண்ணு முன்னால வரும். அவன் மூஞ்சியப் பாத்துக்கினு அத நெனைக்க என்னால ஆவாது." அடுத்த துணியை மிஷினில் வைத்துவிட்டு, "நான் வந்தா வுட்டுடுவாங்களா?" என்றாள்.

"தெரியாது."

"வரலன்னா தூக்குல போட்டுடுவாங்களா?"

"அதுவும் தெரியாது."

"தெனம் அவனுக்காக ஜெபம் பண்றேன் மேடம். அவ்ளோதான் முடியுது" என்றாள். எழுந்துபோய்க் காபி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தாள், எந்த நம்பர் பஸ் என்று சொன்னாள். சனிக்கிழமை வரவில்லை. ரேகாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கட்டத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். 'சகோதரி, மாதம் இருமுறை.' மூன்று வார்த்தை. ஒருவேளை அந்த மூன்று வார்த்தையில் யாருக்காவது மனம் இளகலாம். இளகாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் ஒருவேளை. ரேகா சொல்வதும் சரிதான், எவனும் ரெஜிஸ்டரைப் பார்க்க மாட்டான். ஆனால் போன தடவையும் நான் இதையேதான் சொல்லிக்கொண்டேன். உண்மையை எழுதினால் அவனுக்குக் கெடுதல். பொய் எழுதினால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று. இரண்டில் எதைச் செய்தாலும் அவனுக்கு எதிராகவே செய்கிறோம் என்ற இடத்துக்கு அவனைக் கொண்டுவந்து நிறுத்தியவள் நான். அழுதேன். அழுது ஒன்றும் ஆகவில்லை.

திங்கட்கிழமை காலை நானே போன் பண்ணினேன்.

"நில்னு போடு ரேகா."

"மேடம், பாவம் மேடம் அவன்."

"தெரியும். நில்னு போடு. எல்லாத்தையும் அவனுக்குப் படிச்சுக் காட்டு. ஒரு வரி விடாத."

மறுநாள் மத்தியானம் அவளே கூப்பிட்டாள். மனு போய்விட்டது என்றாள். நான் கேட்டேன், குருபசப்பா என்னிடம் கேட்டதை.

"ஓதி ஹேளிதியா?"

"படிச்சேன் மேடம். ஃபேன ஆஃப் பண்ணிட்டுத்தான் படிச்சேன். எல்லாத்துக்கும் தலையாட்டிக்கிட்டே இருந்தான். பதினாலாவது வந்ததும், நில்னா என்னா மேடம்னு கேட்டான்."

"என்ன சொன்ன?"

"யாரும் வர்றதில்லன்னு எழுதியிருக்குன்னேன். எந்த எடம்னு கேட்டு அந்தக் கட்டத்தப் பாத்தான். அப்புறம், சரியாத்தான் எழுதியிருக்கீங்கன்னு சொல்லிக் கையெழுத்து போட்டான்."